டிரஸ்ட் எழுத வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி

பழைய வண்ணாரப்பேட்டையில் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுகிறேன். டிரஸ்ட் என்றாலே, "அன்னதானமா செய்யப்போகிறோம்?" என்று சிரிப்பவர்கள்தான் அதிகம். அறக்கட்டளை என்ற சொல் செய்த வேலை அது.

சென்ற ஆடியில் ஓர் அம்மா வந்தார். ஆடியில் யாரும் பத்திரம் பதிய வருவதில்லை. பேச நேரம் இருந்தது. எம்.சி. ரோட்டில் அவருக்கு இரண்டு கடைகள், வாடகை வருகிறது. மகளுக்கும் மகனுக்கும் ஆளுக்கொன்றாக செட்டில்மென்ட், அதாவது உயிரோடிருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரம், எழுதச் சொன்னார். மகனுக்கு 26 வயது, அறிவுசார் குறைபாடு. என் ரப்பர் ஸ்டாம்பை எடுத்துப் பழைய செய்தித்தாள் முழுக்கக் குத்திக்கொண்டிருந்தான். "கடை இவன் பெயருக்கு வந்தபின் வாடகை ரசீதில் யாரம்மா கையெழுத்துப் போடுவார்?" என்றேன். அவரிடம் பதில் இல்லை.

இதற்குத்தான் டிரஸ்ட் என்றேன். அதில் சொத்து, அதை நிர்வகிக்கும் அறங்காவலர் பெயரில் நிற்கும், பலன் பயனாளிக்குப் போகும். அசையாச் சொத்தை வைத்து உயிரோடிருக்கும்போதே எழுதினால், 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி பதிவு கட்டாயம். உயில் வழியாக ஏற்படுத்தினால் அந்தக் கட்டாயம் இல்லை. உயிருள்ளவரை மாற்றிக்கொண்டும் இருக்கலாம்.

உயிரோடிருந்து எழுதுவதில் ஒரு வரி முக்கியம்: ரத்து செய்யும் உரிமை எனக்கு உண்டு என்பது. அது இல்லாவிட்டால் பயனாளிகள் எல்லாரும் சம்மதித்தால்தான் ரத்து. இந்தப் பிள்ளையால் சட்டப்படி சம்மதம் தர முடியாது, பூட்டினால் பூட்டியதுதான். அந்த வரியை எழுதிக்கொண்டால், வாடகைக்கான வருமான வரி அம்மா தலையில் விழும். விழட்டும் என்றார்.

யாருக்கு எவ்வளவு என்று பங்கை வரையறுக்கலாம். தேவை பார்த்து அறங்காவலரே கொடுக்கட்டும் என்றும் விடலாம். மருத்துவச் செலவு ஏறி இறங்கும் பிள்ளைக்கு இரண்டாவதே வசதி. ஆனால் அதில் பொதுவாக உச்ச விகித வரி. சில விதிவிலக்குகள் உண்டு, ஆடிட்டரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

குடும்பத்துக்காக அல்லாமல் ஊர் நலனுக்காக ஏற்படுத்தும் பொது அறக்கட்டளை வேறு ரகம். அந்த 1882 சட்டத்துக்குள் வராது. பச்சையப்பன் அறக்கட்டளை அந்த ரகம்தான்: பச்சையப்ப முதலியார் இறந்தது 1794இல், அவர் விட்டுச்சென்ற பணத்தில் பள்ளி தொடங்கியது 1842இல். இடையில் வழக்கு.

அறங்காவலர் பட்டியலுக்குத்தான் நான் அதிக நேரம் எடுப்பேன். பத்திரத்தில் வேறு மாதிரி சொல்லாவிட்டால் எல்லாரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். ஒருவர் துபாயில் இருந்தால் கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும். மகள், தாய்மாமன், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என மூவரைப் போட்டு, இருவர் கையெழுத்து போதும் என்று எழுதினேன். ஒருவர் இறந்தால் அடுத்து யார் என்பதையும் சேர்த்தேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் சட்டப்பூர்வக் காப்பாளர் வேறு. அதற்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆவணியில் பதிந்தோம். அடுத்த மாதமும் துணிக்கடைக்காரர் பழைய பழக்கத்தில் வாடகையை அம்மா கணக்கிலேயே போட்டிருந்தார். டிரஸ்ட் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு, புது வாடகை ஒப்பந்தம் மூன்றையும் முடிக்க ஐப்பசி ஆகிவிட்டது.