பாரிஸில் சின்னப் பிள்ளைகளோடு: முதல்முறை போகிறவர்களுக்கு

எங்கள் மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று வயது இருக்கும்போது பாரிஸ் போனோம். ஒரு நாளைக்கு நாலு இடம் என்று எழுதிவைத்த தாளோடுதான் போனேன். இரண்டாம் நாள் மதியமே அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். ஒரு தோட்டத்துக் குளத்தில் மகள் படகு விட்டுக்கொண்டிருந்தாள். மகன் சரளைக் கல்லை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான். இரண்டு மணிநேரம் யாரும் அழவில்லை, யாரையும் இழுத்துக்கொண்டு ஓடவும் இல்லை. காலையில் ஒரு இடம், மதியத்துக்கு மேல் ஒரு பூங்கா என்ற கணக்கு அன்றைக்கு வந்ததுதான். கீழே இருப்பதெல்லாம் அந்தக் கணக்கை வைத்துப் போட்டது.

படி 1: கிழமையைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள். இரண்டிலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் லூவ்ருக்குப் பிள்ளைகளையும் சேர்த்து நேரம் குறித்து முன்பதிவு செய்துவிடுங்கள். ஈஃபில் கோபுரத்துக்கும் அப்படித்தான். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த வரிசைகளில் நிற்க முடியாது.

புதன்கிழமை மதியம் அங்கே பள்ளி கிடையாது. பூங்காக்கள் நிறைந்துவிடும், ஆனால் பொம்மலாட்டமும் ராட்டினமும் உற்சாகமாக நடப்பதும் அன்றைக்குத்தான். நாங்கள் புதனைப் பூங்காவுக்கென்றே ஒதுக்கினோம்.

தங்குமிடம் பிடிக்கும்போது எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இருக்காது. இருந்தாலும் ஒரு ஆளும் ஒரு பெட்டியும்தான் கொள்ளும்.

படி 2: முதல் நாள் விடியற்காலையை வீணாக்காதீர்கள்

இந்தியாவிலிருந்து போனால் கோடையில் மூன்றரை மணிநேரமும் குளிர்காலத்தில் நாலரை மணிநேரமும் கடிகாரம் பின்னால் போகும். பிள்ளைகள் மூன்று மணிக்கோ நாலு மணிக்கோ எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். திரும்பத் தூங்கவைக்கப் போராட வேண்டாம். கொஞ்சம் விளையாடவிட்டு, ஏழு மணிக்குப் பக்கத்து ரொட்டிக் கடைக்குக் கூட்டிப் போங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டியின் வாசனை தெருமுனை வரைக்கும் வரும். பிள்ளை கையில் காசைக் கொடுத்து, உள்ளே நுழைந்ததும் "பொன்ஜூர்" சொல்லப் பழக்குங்கள். அங்கே எந்தக் கடையிலும் வணக்கம் சொல்லாமல் பேச்சை ஆரம்பிப்பது மரியாதைக் குறைவு. குழந்தை சொன்னால் கடைக்காரர் முகமே மலர்ந்துவிடும்.

படி 3: மெட்ரோவை விளையாட்டாக்குங்கள், ஆனால் படிக்கட்டுக்குத் தயாராகுங்கள்

பாரிஸ் மெட்ரோ 1900இல் தொடங்கியது. பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. அதனால் ஒரு கையால் மடித்துத் தூக்கக்கூடிய லேசான ஸ்ட்ரோலர்தான் வேண்டும். லிஃப்ட் கட்டாயம் வேண்டுமென்றால் 14ஆம் தடம் இருக்கிறது. படியே வேண்டாமென்றால் பேருந்தில் போங்கள். நேரம் கூடுதலாகும், ஆனால் வழியெல்லாம் ஜன்னல் வழியே ஊரைப் பார்க்கலாம். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம்.

1, 4, 14 ஆகிய தடங்களில் ஓட்டுநர் இல்லாமல் ரயில் ஓடுகிறது. முதல் பெட்டிக்குப் போய் முன் கண்ணாடியை ஒட்டிப் பிள்ளையை நிறுத்துங்கள். சுரங்கப்பாதை எதிரே விரிந்து வரும், தானே ரயில் ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளும். எங்கள் மகன் வேண்டிக் கேட்ட ஒரே "சுற்றுலாத் தலம்" இதுதான்.

ஏறுவதற்கு முன் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: கதவு மூடிப் பிரிந்துவிட்டால், ரயிலுக்குள் இருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். நடைமேடையில் இருப்பவர் அடுத்த ரயிலில் வருவார். சின்னப் பிள்ளையை எப்போதும் நடுவில் விட்டு ஏறுங்கள். உங்கள் தொலைபேசி எண்ணைப் பிள்ளையின் மணிக்கட்டில் பேனாவால் எழுதிவிடுங்கள். அங்கே அவசர எண் 112.

படி 4: பூங்காவுக்குப் பாதி நாள் கொடுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒரே ஒரு பூங்காவுக்குத்தான் நேரம் என்றால் லக்சம்பர்க் தோட்டத்துக்குப் போங்கள். 1612இல் அரசி மரீ தெ மெதிச்சிக்காகத் தொடங்கிய தோட்டம். அரண்மனைக்கு முன்னால் எண்கோணக் குளம் ஒன்று இருக்கிறது. அதன் கரையில் மரத்தால் செய்த சின்னப் பாய்மரப் படகுகளை வாடகைக்குக் கொடுப்பார்கள், கூடவே ஒரு நீளக் குச்சியும். பேட்டரியும் இல்லை, ரிமோட்டும் இல்லை. குச்சியால் தள்ளிவிட்டால் காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகும். பிள்ளை கரையைச் சுற்றி ஓடிப்போய் மறுபடியும் தள்ளிவிடும். மழையில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

அதே தோட்டத்தில் பழைய குடைராட்டினம் ஒன்று உண்டு. பாரிஸ் ஆப்பெரா மாளிகையைக் கட்டிய ஷார்ல் கார்னியேதான் அதை வடிவமைத்தவர். வெளிச்சுற்றுக் குதிரையில் உட்காரும் பிள்ளைகளிடம் ஒரு கோல் கொடுப்பார்கள். ராட்டினம் சுற்றச் சுற்ற, பக்கத்தில் தொங்கும் வளையத்தைக் கோலால் கோத்து எடுக்க வேண்டும். எங்கள் மகள் முதல் சுற்றில் ஒன்றுகூட எடுக்கவில்லை, மூன்றாவது சுற்றில் நாலு எடுத்தாள். பொம்மலாட்ட அரங்கும் இருக்கிறது. பேச்சு பிரெஞ்சில்தான். ஆனால் அடி வாங்குகிறவன் யார், அடிப்பவன் யார் என்பது எந்தக் குழந்தைக்கும் புரியும். சறுக்குமரம் உள்ள விளையாட்டுத் திடலுக்கு மட்டும் தனிக் கட்டணம்.

கவனிக்க: இந்தத் தோட்டத்தில் எல்லாப் புல்வெளியிலும் உட்காரவிட மாட்டார்கள். பச்சை இரும்பு நாற்காலிகளை எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம், அதற்குக் காசு இல்லை. புல்லில் உருள வேண்டுமென்றால் பியூத்-ஷோமோன் பூங்கா நல்லது. கல் வெட்டி எடுத்த பள்ளத்தை மாற்றி 1867இல் திறந்த பூங்கா அது. குகையும் அதற்குள் அருவியும் தொங்குபாலமும் உண்டு. மேடும் பள்ளமுமாக இருப்பதால் ஸ்ட்ரோலரோடு போவது சிரமம்.

படி 5: அருங்காட்சியகத்தில் ஒன்றரை மணிநேரம், அதற்குமேல் வேண்டாம்

முதலில் ஜார்தன் தே பிளான்ட் போங்கள். பதினேழாம் நூற்றாண்டில் அரசரின் மூலிகைத் தோட்டமாக இருந்த இடம். உள்ளே பரிணாமக் காட்சியகத்தில் யானை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை என்று விலங்குகள் ஊர்வலம் போவதுபோல் வரிசையாக நிற்கும். 1898இல் திறந்த எலும்புக்கூட்டுக் கூடம் இன்னும் ஆச்சரியம்: நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே திசையைப் பார்த்து, நம்மை நோக்கி நடந்து வருவதுபோல் நிற்கின்றன. வெளியே வந்தால் டோடோ ராட்டினம். குதிரைக்குப் பதிலாக டோடோ பறவை, மூன்று கொம்பு டைனோசர் என்று அழிந்துபோன விலங்குகள்மேல் உட்கார்ந்து சுற்றலாம். உள்ளே எலும்பாகப் பார்த்தவை எதற்காக இங்கே சிரித்துக்கொண்டு நிற்கின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தப் பேச்சுக்கு நேரம் ஒதுக்குங்கள். செவ்வாய்க்கிழமை இந்தக் காட்சியகங்களுக்கும் விடுமுறை.

லூவ்ரில் மோனாலிசாவை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கூட்டத்தில் பிள்ளைக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகுதான். அதற்குப் பதில் கோர்சாபாத் முற்றத்துக்குப் போங்கள். அசீரிய அரண்மனை வாசலில் நின்ற, மனிதத் தலையும் சிறகும் கொண்ட பெரிய காளைகள் அங்கே இருக்கின்றன. "எத்தனை கால்?" என்று கேளுங்கள். எண்ணினால் ஐந்து வரும். முன்னால் நின்று பார்த்தால் நிற்பதுபோலவும், பக்கத்திலிருந்து பார்த்தால் நடப்பதுபோலவும் தெரியச் சிற்பி செய்த வேலை அது. பிள்ளையை முன்னும் பக்கமுமாக ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் எகிப்து மம்மி, தரையடியில் பழைய கோட்டையின் அகழிச் சுவர். அவ்வளவுதான். வெளியே வந்தால் துய்லெரி தோட்டம்.

படி 6: சாப்பாடும் கழிப்பறையும்

உணவகங்களில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, இரவுச் சாப்பாடு பெரும்பாலும் ஏழுக்குப் பிறகு. ஆறு மணிக்குப் பசிக்கும் பிள்ளைக்கு அது ஒத்துவராது. நாங்கள் மதியத்தில் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், தயிர் வாங்கி அறையிலேயே முடித்துக்கொண்டோம். உட்கார்ந்ததும் "ஊன் கராஃப் தோ" என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீரைக் குவளையில் காசில்லாமல் தருவார்கள். நல்ல தண்ணீர்தான். சைவக் குடும்பங்கள் "ஜம்போன்", "லார்தோன்" என்ற இரண்டு சொற்களை நினைவில் வையுங்கள், இரண்டும் பன்றியிறைச்சி. வெளியே பார்க்க வெறும் முட்டைப் பணியாரம்போல் இருக்கும் குயிஷுக்குள் அது இருக்கும்.

நம் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் ஏங்க ஆரம்பித்தால், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பெல் இருக்கிறது. ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த தெரு. இடியாப்பமும் வடையும் கிடைக்கும், தமிழிலேயே கேட்கலாம். கோடை முடிகிற சமயத்தில் போனால் அங்குள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேரையும் பார்க்கலாம். சாலையில் குவியலாகத் தேங்காய் உடைப்பார்கள்.

தெருவோரச் சாம்பல் நிறக் கழிப்பறைகள் இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடி, உள்ளே தானாகவே கழுவிக்கொள்ளும். பச்சை விளக்கு வரும்வரை பிள்ளையை உள்ளே விடாதீர்கள். எங்கேயும் காகிதம்தான் இருக்கும், தண்ணீர் இருக்காது. ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலைப் பையில் எப்போதும் வைத்திருங்கள்.

படி 7: ஈஃபில் கோபுரம்

மேலே ஏற ஸ்ட்ரோலரை மடிக்க வேண்டும், உச்சியில் காற்று பலமாக அடிக்கும். மூன்று வயதுக்காரனுக்கு இரண்டாம் தளமே போதும். ஏறாமலும் அழகாகப் பார்க்கலாம்: 6ஆம் தட மெட்ரோ பாஸி நிலையத்துக்கும் பீர்-அக்கேம் நிலையத்துக்கும் நடுவே பாலத்தின்மேல் சேன் நதியைக் கடக்கும், அப்போது கோபுரம் முழுசாகத் தெரியும்.

இருட்டிய பிறகு மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கோபுரம் முழுக்க மினுமினுக்கும். ஜூன் மாதத்தில் இருட்டவே பத்து மணி ஆகிவிடும், பிள்ளைகள் தூங்கிப்போவார்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். நாங்கள் குளிர்காலத்தில் போனதால் ஆறு மணிக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள த்ரொக்காதேரோ மேட்டில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நின்றோம். மினுமினுப்பு நின்றதும் மகன் "இன்னொரு தடவை" என்றான். சரி என்று கீழே இருந்த ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, ஏழு மணிவரை காத்திருந்தோம்.