ஹெல்த் கோச் குட்டி டாக்டர் அல்ல

சர்க்கரை, பிரஷர் உள்ளவர் டாக்டர் முன்னால் உட்காருவது சில நிமிடம். மீதி மாதமெல்லாம் வீடு, தோட்டம், தறி. அந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்பவர்தான் ஹெல்த் கோச். நம் பக்கம் அந்தப் பெயரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் பெண் தன்னார்வலரும், ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸும் அதில் ஒரு பங்கைச் செய்கிறார்கள்.

இதில் நடக்கும் பெரிய தவறு, மாத்திரை விட்டுப்போனதை மறைப்பது. "டாக்டர் திட்டுவாருங்க" என்று பயந்து நோயாளி அதைச் சொல்ல மாட்டார். ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறியிருக்கும். போட்டும் கேட்கவில்லை என்று நினைத்து டாக்டர் டோஸைக் கூட்டுவார். பயந்துபோய் அன்றிலிருந்து எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டால், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், மயக்கம் எல்லாம் அப்படி வருவதுதான். "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்டால் "போடறனுங்க" என்றுதான் பதில் வரும். "எந்த நேரத்து மாத்திரைங்க அடிக்கடி விட்டுப்போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். பல்லடம், சோமனூர் பக்கம் நைட் ஷிப்ட் தறி ஓட்டுபவர் காலையில் படுத்துத் தூங்குவார். சீட்டிலோ 'காலை உணவுக்கு முன்' என்று இருக்கும். இதை டாக்டர் காதில் போட்டால் நேரத்தை அவரே மாற்றித் தருவார். கோச் தானாக மாற்றக் கூடாது. டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை இல்லை.

அடுத்தது சாப்பாட்டுப் பிரசங்கம். "இனிப்பே தொடாதீங்க" என்றால் தலையாட்டிவிட்டு, "கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைதானுங்க, ஒண்ணும் பண்ணாது" என்று டீயில் போட்டுக்கொள்வார்கள். நாட்டுச்சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ராகிக்களியும் அப்படித்தான், உருண்டை பெரிதானால். (இதைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் கோபம் வரும்.) அதட்டினால் அடுத்த முறை உண்மை வராது. ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டு, எதைக் குறைக்க முடியும் என்பதை அவரையே சொல்ல விடுங்கள். ஒன்றைக் குறைக்கிறேன் என்றால் அதுவே போதும், அடுத்த வாரம் போய் விசாரிக்கலாம்.

"புரிஞ்சுதுங்களா?" என்ற கேள்வியும் வீண். இனி எப்படி மாத்திரை போடுவீர்கள் என்று அவர் வாயால் சொல்லச் சொல்ல வேண்டும்.

வெயிலில் நடந்து வந்தவருக்கு உடனே பிரஷர் பார்ப்பது இன்னொன்று. ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பாருங்கள். காபி குடித்திருந்தால் அரை மணி நேரம் போகட்டும்.

டாக்டர்களும் தப்பு செய்கிறார்கள். வீட்டுக்குப் போய் வருபவரை மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் ஆளாகவே பார்க்கிறார்கள். அவர் எழுதிவந்த நோட்டைப் புரட்டினாலே தேவையில்லாத ஒரு மாத்திரை குறையலாம்.

நெஞ்சுவலி, வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் இழுப்பது என்றால் கோச்சுக்குப் போன் செய்து நேரத்தைக் கடத்தாதீர்கள். நேராக 108.