லண்டன் ஃபிளாட்டின் லீஸை நீட்டித்த கதை: என் அனுபவம்

ஈஸ்ட் ஹாமில் 2010-ல் ஃபிளாட் வாங்கினேன். 99 வருட லீஸ், அதாவது அத்தனை வருடத்துக்கு மட்டுமே வீடு என்னுடையது. போன வருடம் கணக்குப் போட்டபோது 84 வருடம் பாக்கி என்றுதான் நினைத்தேன். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், லீஸ் தொடங்கிய தேதி 24 ஜூன் 2007. அதாவது 81 தான். 80-க்குக் கீழே போனால், லீஸை நீட்டிக்கும்போது 'மேரேஜ் வேல்யூ' (நீட்டிப்பால் கூடும் மதிப்பில் ஒரு பங்கு) என்று கூடுதலாகக் கட்ட வேண்டும்.

கிரவுண்ட் ரெண்ட் (லீஸுக்காகக் கட்டும் வருட வாடகை) வாங்கும் கம்பெனிக்கு எழுதினேன். மூன்று வாரம் பதிலே இல்லை. அப்புறம், "நீட்டிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று ஒரே வரி. பராமரிப்பு ஏஜென்டும் அவர்களிடமே போகச் சொன்னார்.

கடைசியில் லேண்ட் ரெஜிஸ்ட்ரி (சொத்துரிமையைப் பதியும் அரசு அலுவலகம்) தளத்தில் கட்டடத்தின் பதிவேடுகளை இறக்கினேன். ஒன்றல்ல, இரண்டு இருந்தன. அந்தக் கம்பெனியே ஒரு லீஸ்தாரர்தான்! அவர்கள் லீஸ் என்னுடையதைவிட மூன்றே நாள் அதிகம். சட்டப்படி கூட்டித்தர வேண்டிய 90 வருடத்தை அவர்களால் எப்படித் தர முடியும்? தர வேண்டியவர் அதற்கு மேலே இருக்கும் ஃப்ரீஹோல்டர், அதாவது கட்டடத்தின் நிரந்தர உரிமையாளர்.

லீஸ் நீட்டிப்பைக் கோரும், 1993 லீஸ் சட்டத்தின் 42-ஆம் பிரிவு நோட்டீஸை வக்கீல் மூலம் ஃப்ரீஹோல்டருக்கே கொடுத்தோம், நகல் கம்பெனிக்கு. நோட்டீஸ் கொடுத்த தேதியை வைத்துத்தான் விலை கணக்கிடுவார்கள். அதனால் 80-ஐத் தாண்டும் முன் கொடுத்தால் போதும். குறித்த கெடுவுக்குள் பதில் நோட்டீஸ் வந்தது, பேரம் பேசி முடித்தோம். நிம்மதி.

இப்போது 171 வருடம். புதுப் பத்திரத்தில் வருட வாடகை என்ற இடத்தில், ஒரு மிளகு. சட்ட வழக்கில் அப்படியென்றால், வாடகை பெயருக்கு மட்டும்.