கீசர் போட்டதும் ஆர்சிசிபி டிரிப் ஆகிறதா? மெக்கர் வைத்துக் கோளாறைத் தேடிப் பிடிக்கும் முறை

எங்கள் வீட்டில் கீசர் சுவிட்சைப் போட்ட சில நொடிகளில் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) டிரிப் ஆகி வீடே இருட்டாகிவிடும். மற்ற எம்சிபி (ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் உள்ள தனி பிரேக்கர் சுவிட்ச்) எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கீசரை மட்டும் போட்டுப் பார்த்தேன், அப்போதும் டிரிப். சந்தேகமே இல்லை, கீசர்தான் என்று எலிமென்ட்டை மாற்றினேன். மாற்றிய அன்றே மறுபடி டிரிப். கோளாறு இருந்ததோ வெளிவிளக்கு சர்க்யூட்டில். அதன் எம்சிபி அந்த நேரத்தில் அணைந்துதான் இருந்தது! அணைத்து வைத்த சர்க்யூட் எப்படி ஆர்சிசிபியைத் தள்ளும் என்று புரிய எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இந்தப் பதிவு.

மெக்கர் (ஒயரின் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் கருவி) பிடிப்பது புதிது என்பவர்களுக்காக எழுதுகிறேன். டிபி பெட்டியை (எம்சிபிகளும் ஆர்சிசிபியும் இருக்கும் பெட்டி) திறப்பதே புதிது என்றால் தனியாக இறங்காதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து, அவரோடு நின்று செய்யுங்கள்.

எந்தக் கருவி

மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஓம் அளக்கும்போது மல்டிமீட்டர் ஒயருக்குக் கொடுப்பது சில வோல்ட்தான். ஈரம் இறங்கிய இணைப்பும், மயிரிழை வெடிப்பு விட்ட இன்சுலேஷனும் அந்தச் சில வோல்ட்டில் நல்ல பிள்ளையாக இருக்கும், 230 வோல்ட் வந்ததும் கசியும். மெக்கர் 500 வோல்ட் டிசி கொடுத்து அளக்கிறது. (மெக்கர் என்பது 1903இல் பதிவான வணிகப்பெயர். இன்று எந்தக் கம்பெனி கருவியானாலும் அந்தப் பெயர்தான்.) கைப்பிடி சுற்றும் பழைய மாடலைவிட 250, 500 என்று மாற்றிக்கொள்ளும் டிஜிட்டல் மெக்கரே எனக்குப் பிடிக்கும். ஒரு கை எப்போதும் ஓய்வாக இருக்கும், வோல்ட்டேஜும் சீராக வரும்.

ஒயரில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்ய ஸ்குரூடிரைவர் டெஸ்டரை நான் நம்புவதில்லை. இரண்டு முனை உள்ள வோல்ட்டேஜ் டெஸ்டர் வாங்குங்கள்.

முதலில் உயிர்

மெயினை அணையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டரோ சோலாரோ இருந்தால் அதையும் அணைத்துப் பிரியுங்கள். மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானாக உயிர் கொடுத்துவிடும், பலர் மறப்பது இதைத்தான். மெயினை அணைக்கும் முன்பே டெஸ்டரை ஏதாவது உயிருள்ள இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அணைத்த பிறகு டிபியில் வைத்துக் கரண்ட் இல்லை என்று உறுதி செய்யுங்கள். மெயின் சுவிட்ச் டிபிக்குள்ளேயே இருந்தால், அணைத்த பிறகும் அதற்கு வந்துசேரும் ஒயரில் கரண்ட் இருக்கும். அந்தப் பக்கம் கை போகவே கூடாது.

பொருள்களைக் கழற்றுங்கள்

பிளக்குகளை உருவுங்கள், பல்புகளைக் கழற்றுங்கள். நேரடியாக ஒயர் இழுத்த கீசர், மோட்டார் இருந்தால் அவற்றையும் பிரியுங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், டிம்மர், சர்ஜ் புரொடெக்டர் ஆகியவை 500 வோல்ட்டில் பழுதாகலாம், அல்லது தப்பான ரீடிங் காட்டலாம். சர்ஜ் புரொடெக்டரின் வேலையே அதிக வோல்ட்டேஜை எர்த்துக்கு விடுவதுதான். அதை மாட்டியபடி அளந்தால் நல்ல ஒயரையும் கெட்டது என்று சொல்லிவிடும். லைட் சுவிட்சுகள் ஆன் நிலையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் சுவிட்சுக்கு அப்பால் உள்ள ஒயர் அளக்கப்படாது. டூவே சுவிட்ச் (ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போடும் சுவிட்ச்) என்றால் இரண்டு நிலையிலும் அளக்க வேண்டும்.

நியூட்ரலைக் கழற்றுங்கள், நான் சறுக்கியது இங்கேதான்

ஒற்றை போல் எம்சிபி பேஸை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் ஒயர் எம்சிபி பக்கமே போவதில்லை. நேராக நியூட்ரல் லிங்க்கில் (எல்லா நியூட்ரல் ஒயரும் சேரும் உலோகப் பட்டை) போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே எம்சிபியை அணைத்தாலும் அந்தச் சர்க்யூட்டின் நியூட்ரல் வீட்டின் மற்ற எல்லா நியூட்ரலோடும் சேர்ந்தே இருக்கிறது.

இப்போது வெளிவிளக்கின் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். வீட்டில் லோடு குறைவாக இருந்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட்டேஜ் அற்பம், எதுவும் நடக்காது. கீசர் போட்டதும் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் நியூட்ரல் வழியே திரும்புகிறது. அதில் ஒரு பங்கு, தொட்டுக்கொண்ட இடம் வழியாக எர்த்துக்கு நழுவுகிறது. பேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமாக இல்லை என்று ஆர்சிசிபி கண்டுகொள்கிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் டிரிப் ஆகலாம். கீசரில் ஒரு குறையும் இல்லை. அது கோளாறை வெளியே காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

எனவே ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலையும் லிங்க்கிலிருந்து தனியாகக் கழற்றி, எந்த எம்சிபியின் ஜோடி என்று துண்டு டேப்பில் எழுதி ஒட்டுங்கள். ஆர்சிசிபியிலிருந்து வெளியே போகும் ஒயர்களையும் பிரித்துவிடுங்கள், 500 வோல்ட் அதற்குள் போகக் கூடாது. நியூட்ரல் எல்லாம் லிங்க்கில் இருக்கும்போதே அளந்தால், ஒன்று கெட்டிருந்தாலும் எல்லாச் சர்க்யூட்டும் கெட்டதாகத்தான் தெரியும். நான் முதல் முறை அப்படித்தான் அளந்து, வீடு முழுக்க ஒயரிங் போய்விட்டது என்று ஒரு நாள் முழுவதும் கலங்கியிருந்தேன்.

அளப்பது

முதலில் மெக்கரின் இரண்டு முனையையும் சேர்த்து அழுத்துங்கள், பூஜ்யம் வர வேண்டும். பிரித்து அழுத்தினால் கருவியின் உச்ச அளவைத் தாண்ட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அறுந்த லீடை வைத்துக்கொண்டு "ஒயர் அருமை" என்று முடிவுசெய்துவிடுவீர்கள்.

ஒரு சர்க்யூட்டின் பேஸை எம்சிபியிலிருந்து கழற்றி, அதையும் நியூட்ரலையும் முறுக்கிச் சேர்த்து, அதற்கும் எர்த் லிங்க்குக்கும் (எர்த் ஒயர்கள் சேரும் பட்டை) இடையே அளந்து பாருங்கள். இப்படிச் செய்தால் கழற்ற மறந்த பொருள் ஏதாவது இருந்தாலும் அதன் குறுக்கே 500 வோல்ட் போகாது. எண் ஏறிக்கொண்டே போகும், நிற்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். விட்டதும் ஒயரைத் தொடாதீர்கள். ஒயரில் சார்ஜ் தங்கியிருக்கும், மெக்கர் அதை இறக்கி முடிக்கட்டும்.

ஐ.இ.சி. 60364 என்ற சர்வதேச ஒயரிங் தரப்படி குறைந்தது 1 மெகா ஓம் வேண்டும். அது கடைசி எல்லை. நல்ல ஒயர் 100, 200 என்று சாதாரணமாகக் காட்டும். 2 மெகா ஓம் வந்தால் தேறியதாகக் கொள்ளாமல் நான் தேடத் தொடங்கிவிடுவேன். ஒன்று மட்டும் கவனியுங்கள். எல்லாச் சர்க்யூட்டையும் சேர்த்து அளந்தால் எண் இறங்கும். தலா 20 மெகா ஓம் உள்ள எட்டுச் சர்க்யூட் சேர்ந்தால் 2.5தான் காட்டும்.

எங்கள் வீட்டில் எல்லாம் 200க்கு மேல் வந்தன. வெளிவிளக்கு மட்டும் 0.00. சேர்த்த ஒயரைப் பிரித்துத் தனித்தனியாக அளந்தேன். பேஸுக்கும் எர்த்துக்கும் 200க்கு மேல், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பூஜ்யம்.

பாதியாக வெட்டித் தேடுங்கள்

சுவரைக் கொத்தாதீர்கள். சர்க்யூட்டின் நடுவில் உள்ள ஜங்ஷன் பாக்ஸில் ஒயரைப் பிரித்து இரு பக்கமும் அளந்து பாருங்கள். கெட்ட பாதியை மறுபடி பாதியாக்குங்கள். எனக்கு வரிசையாக மூன்று விளக்கு. இரண்டாவதில் பிரித்தேன். டிபி பக்கம் சுத்தம், மூன்றாவது பக்கம் பூஜ்யம். மூன்றாவது விளக்கின் இரும்புத் தட்டைக் கழற்றிப் பார்த்தால், அதைச் சுவரில் பிடித்த ஸ்குரூ கறுப்பு ஒயரின் (அதாவது நியூட்ரலின்) மேலேயே இறங்கியிருந்தது. ஒயரைத் திருப்பியபோது நெல்மணி அளவுக்கு இன்சுலேஷன் பிளந்து செம்பு தெரிந்தது. ஸ்குரூ மரைகளிலும் செம்புத் துகள் மின்னியது.

அந்தத் துண்டை வெட்டிப் புது ஒயர் போட்டு, மூடுவதற்கு முன்பே மறுபடி அளந்தேன். 200க்கு மேல்.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

ஒருவருக்குக் காலையில் 0.3, மதியம் 5 மெகா ஓம் என்று எண் ஆடுகிறதாம். ஆடினால் பெரும்பாலும் ஈரம், அசையாமல் பூஜ்யத்தில் நின்றால் ஒயர் எதையோ தொடுகிறது. ஈரக் கோளாறை வெயில் காய்ந்த நாளில் தேடினால் அகப்படாது, மழை விட்ட கையோடு அளந்து பாருங்கள். அவருக்கு மொட்டைமாடி ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் நின்றிருந்தது.

இன்னொருவர் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மட்டும் குறைவாக வருகிறது என்றார். சுவிட்ச்போர்டில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் இருக்கிறதா பாருங்கள். அது பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். கழற்றிவிட்டு அளந்தால் எண் ஏறிவிடும்.

கீசரை அளந்தால் குறைவாக வருகிறது என்பவர்களுக்கு: பல மாதம் சும்மா கிடந்த எலிமென்ட்டுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எலிமென்ட்டைக் கழற்றி நன்றாகக் காயவைத்து மறுபடி அளந்துவிட்டு முடிவெடுங்கள். அதுவரை ஆர்சிசிபியைத் தாண்டி நேராக ஒயர் கொடுத்து ஓட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், குளியலறையில் உங்களுக்கும் ஷாக்குக்கும் நடுவே நிற்பது அந்த ஆர்சிசிபிதான்.