ஷார்ட்ஸ்டாப்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேஜர் லீக் பேஸ்பாலில் எடைபோடக் கடினமான ஆள், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப்தான். நிஜ வீரர்களை ஏலத்தில் எடுத்து, அவர்களின் எண்களை வைத்து மோதும் எங்கள் ஃபேன்டஸி லீக்கில் புதிதாகச் சேருபவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் விழுந்த அதே குழியில்தான் வரிசையாக வந்து விழுகிறார்கள். பேட்டிங் ஆவரேஜை மட்டும் பார்ப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகச் சரியாகிவிடும்.

எரர் எண்ணிக்கையை நம்புவது

பிடித்திருக்க வேண்டிய பந்தைக் கோட்டைவிட்டால்தான் எரர். எட்டாத பந்துக்கு எரர் கிடையாது. யாங்கீஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்த டெரிக் ஜீட்டர், சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் குளவ் விருதை 5 முறை வாங்கியவர். ஆனால் அவருக்கு இடப்புறம், இரண்டாம் பேஸை ஒட்டிப் போகும் பந்துகள் பல அவரைத் தாண்டி சென்டர் ஃபீல்டுக்கு உருண்டுவிடும். ஸ்கோர் புத்தகத்தில் அது பேட்டரின் ஹிட் என்றுதான் ஏறும், ஃபீல்டரின் தவறாக அல்ல. நவீனக் கணக்குகள் அவரைச் சராசரிக்கு வெகுவாகக் கீழே வைப்பது இதனால்தான்.

ஒரே சலுகையை இரண்டு முறை கூட்டுவது

எனக்கு இன்னும் எரிச்சலூட்டுவது இது. எளிதில் கிடைக்கும் மாற்று வீரரைவிட ஒருவர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார் என்பதே வார். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளம் மொத்த வாருடன், பேட்டிங் பக்கத்துக்கு ஓ-வார், ஃபீல்டிங்குக்கு டி-வார் என்று தனித்தனியாகவும் தருகிறது. ஷார்ட்ஸ்டாப் கஷ்டமான இடம் என்பதால் முழு சீசனுக்குச் சுமார் 7 ரன் சலுகை உண்டு. அந்தச் சலுகை ஓ-வாரிலும் இருக்கிறது, டி-வாரிலும் இருக்கிறது. மொத்த வாரில் மட்டும்தான் ஒரே முறை.

எங்கள் லீக்கில் ஒருவர் தன் கணக்குத் தாளில் ஓ-வாரையும் டி-வாரையும் கூட்டி, பக்கத்தில் "மொத்தம்" என்று மூன்றாவது பத்தி போட்டிருந்தார். உண்மையான மொத்தம் அதே தளத்தில், அதே பக்கத்தில் இருந்தது. அதை அவர் எடுக்கவே இல்லை. ஏலத்தில் அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து விலையை ஏற்றி, ஃபீல்டிங்கில் கெட்டிக்காரரான ஒரு ஷார்ட்ஸ்டாப்பை வாங்கினார். பந்து வீசும் பிட்சர்கள் ஏலத்துக்கு வந்தபோது கையில் பணமில்லை.

ஷார்ட்ஸ்டாப்களுக்குள் ஒப்பிட்டால் இந்தத் தவறு வெளியே தெரியாது. எல்லோருக்கும் கிட்டத்தட்ட அதே ரன் கூடுவதால் வரிசை பெரிதாக மாறாது. முதல் பேஸ்மேனோடு ஒப்பிடும்போதுதான் அடி விழும். அது எளிதான இடம் என்பதால் அவருக்குச் சுமார் 10 ரன் கழிவு. அதுவும் இரண்டு முறை கழிகிறது. ஆக, இருவருக்கும் இடையே 17 ரன் பொய்யாக முளைக்கிறது. 10 ரன் ஏறக்குறைய ஒரு வெற்றி என்று வைத்துப் பாருங்கள்!

ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் கதை வேறு. அங்கே இந்தச் சலுகை ஃபீல்டிங் பக்கம் மட்டுமே சேரும். அதனால் ஒரு தளத்தின் பேட்டிங்கையும் இன்னொன்றின் ஃபீல்டிங்கையும் ஒட்டவே கூடாது.

இப்படி ஊதிக்காட்டித்தான் ஃபீல்டர்களை உயர்த்த வேண்டும் என்பதும் இல்லை. ஃபீல்டிங்குக்குப் பேர்போன ஷார்ட்ஸ்டாப், வாழ்நாளில் 28 ஹோம் ரன் மட்டுமே அடித்த ஆசி ஸ்மித்துக்கு முறையான கணக்கிலேயே வார் ஏறத்தாழ 77. 260 ஹோம் ரன் அடித்த ஜீட்டருக்கு 71.

ஒரு சீசன் ஃபீல்டிங் எண்ணை வைத்து முடிவெடுப்பது

மூன்று சீசனாவது சேர்த்துப் பாருங்கள்.

மைதானத்தை மறப்பது

டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் மைதானம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு, அடித்த பந்து கூடுதல் தூரம் போகும். மைதானத்துக்கு ஏற்பத் திருத்திய எண்ணை மட்டும் எடுங்கள்.

2023-க்கு முன், பின் என்று பிரிக்காமல் பார்ப்பது

அந்த ஆண்டிலிருந்து இரண்டாம் பேஸின் இருபுறமும் இரண்டிரண்டு இன்ஃபீல்டர்கள் (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்கள்) நின்றாக வேண்டும். அதற்கு முன்பு, பந்து எங்கே வரும் என்று கணித்து மூன்று பேரை ஒரே பக்கம் நிறுத்தலாம். வீரரின் ஓட்டத்தில் இருந்த குறையை அது மறைத்தது. 2022 வரையிலான எண்களை இன்றைய எண்களோடு சராசரி போடாதீர்கள்.