பூட் ஆகிவிட்டதே, போதாதா? முதல் ஓவர்கிளாக்கில் சறுக்கும் இடங்கள்

ப்ராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) ரேஷியோவை (100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்தைப் பெருக்கும் எண்) 50 ஆக்கி, எஃப்10 தட்டிச் சேமித்து, விண்டோஸ் திறந்ததும் ‘5 கிகாஹெர்ட்ஸ் வந்துவிட்டது’ என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. விண்டோஸ் திறப்பதெல்லாம் ப்ராசஸருக்கு ஒரு வேலையே இல்லை. தொல்லை பிறகுதான் வரும். பெரிய ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது கோப்பு கெட்டிருக்கிறது என்று சி.ஆர்.சி. பிழை காட்டும், விளையாட்டு நடுவில் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும், சும்மா இருக்கும்போது நீலத்திரை வரும். அப்போது ஓவர்கிளாக் செய்ததே நினைவில் இருக்காது, ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம்.

உதாரணத்துக்கு இன்டெல் கோர் ஐ5-12600கே ப்ராசஸரை எடுத்துக்கொள்வோம். எல்லா பி-கோர்களும் (வேகமான பெரிய கோர்கள்) சேர்ந்து உழைக்கும்போது அது 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும். ஓரிரு கோர் மட்டும் உழைத்தால் 4.9 வரை தானாகவே போகும். அதை 5.0-க்கு ஏற்றினால் வீடியோ ரெண்டரில் அதிகபட்சம் 11 சதவீதம் கிடைக்கும். ஒரே கோரை நம்பும் மென்பொருளில் 2 சதவீதம்தான். கிராபிக்ஸ் கார்டு திணறும் விளையாட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது. இதற்காக வாரண்டியைப் பணயம் வைக்கலாமா என்று முதலிலேயே யோசித்துவிடுவது நல்லது. குறித்த அளவுக்கு மேல் ஓட்டினால் வாரண்டி செல்லாமல் போகலாம் என்று இன்டெல், ஏ.எம்.டி. இரண்டுமே சொல்கின்றன.

மதர்போர்டும் இடம் கொடுக்க வேண்டும். இன்டெலில் பெயரின் கடைசியில் ‘கே’ இருக்கும் ப்ராசஸரும் இசட் வரிசை போர்டும் தேவை. பி660 போர்டில் ரேமை ஏற்றலாம், ப்ராசஸர் ரேஷியோவை ஏற்ற முடியாது. ஏ.எம்.டி.யில் ஏ520, ஏ620 போர்டுகள் ஆகாது.

‘ஆட்டோ’ வோல்டேஜ்

ரேஷியோவை மட்டும் மாற்றிவிட்டு வோல்டேஜை ஆட்டோவிலேயே விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. கேட்ட வேகத்தில் எப்படியாவது ஓட வேண்டும் என்று போர்டு தாராளமாக வோல்டேஜை அள்ளிக்கொடுக்கும். 1.25 வோல்ட் போதுமான இடத்தில் 1.38, 1.40 என்று போய் நிற்கும். கணினியும் ஒழுங்காகவே ஓடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை.

ப்ராசஸர் இழுக்கும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் இருமடியில் ஏறும். 4.9-லிருந்து 5.1-க்குப் போக வோல்டேஜ் 1.25-லிருந்து 1.38 ஆனால், வேகம் கூடியது 4 சதவீதம், சூடு கூடியது ஏறக்குறைய 27 சதவீதம். சிலிக்கான் தேய்வதும் இதனால்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதால், ஆறு மாதம் நன்றாக ஓடிய அதே அமைப்பு ஒருநாள் திடீரென்று நீலத்திரை காட்டத் தொடங்கும்.

எனவே வோல்டேஜை நீங்களே குறித்துக் கொடுங்கள். முதலில் பி-கோர் ரேஷியோ 48, வோல்டேஜ் 1.25 என்று நிலையாக வைத்துச் சோதியுங்கள் (சோதிக்கும் முறை கீழே). தாண்டினால் 49, பிறகு 50. ஒரு படியில் தடுக்கினால் 0.01 அல்லது 0.02 வோல்ட் மட்டும் கூட்டிப் பாருங்கள். ஏர் கூலர் வைத்திருக்கும் புதியவருக்கு 1.30 வோல்ட் போதுமான எல்லை. அங்கும் நிற்கவில்லை என்றால் உங்கள் சிப் அவ்வளவுதான். இன்னொருவருடைய சிப் 5.2-ல் ஓடுவதைப் பார்த்து அவருடைய எண்களை அப்படியே எழுதிக்கொள்வதில் பயனில்லை. ஒரே மாடலில்கூட சிப்புக்கு சிப் தரம் வேறுபடும்.

இத்துடன் வருவது, வேலைப்பளுவில் வோல்டேஜ் எவ்வளவு இறங்கலாம் என்று தீர்மானிக்கும் எல்.எல்.சி. எனப்படும் லோட்லைன் அமைப்பு. பயாஸில் 1.30 கொடுத்தால் வேலைப்பளுவில் அது 1.24-க்கு இறங்குவது இயல்பு, வடிவமைப்பே அப்படித்தான். அந்த இறக்கத்தைப் பிழை என்று நினைத்து எல்.எல்.சி.யை உச்சத்தில் வைத்தால், வேலைப்பளு சட்டென விலகும் கணத்தில் வோல்டேஜ் மேலே துள்ளும். அந்தத் துள்ளல் எந்த மென்பொருளிலும் தெரியாது. நடு நிலையில் வைப்பதே சரி. ஒரு வேடிக்கை என்னவென்றால், அசூஸ் போர்டில் எண் கூடக்கூட எல்.எல்.சி. கடுமையாகும், எம்.எஸ்.ஐ., ஏஎஸ்ராக் போர்டுகளில் 1 என்பதுதான் உச்சம். வேறு போர்டுக்கான வீடியோவைப் பார்த்து எண்ணைப் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம்

ரேமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்.எம்.பி.யும் ஒரு ஓவர்கிளாக்தான். அதையும் ரேஷியோவையும் ஒரே மூச்சில் மாற்றினால், விழும்போது எது தள்ளிவிட்டது என்று தெரியாது. ப்ராசஸர் வேலை முடியும்வரை எக்ஸ்.எம்.பி.யை அணைத்து வையுங்கள். ரேஷியோ பெருக்கும் அடிப்படை வேகமான பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸிலேயே இருக்கட்டும்; அதைத் தொட்டால் ரேமும் சேர்ந்து இழுபடும், சில போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டு செருகும் பி.சி.ஐ.இ. இணைப்பும்கூட. பயாஸிலும் விண்டோஸ் மென்பொருளிலும் ஒருசேர மாற்றாதீர்கள்.

சோதனையில் ஏமாறுவது

ப்ராசஸரை முழுக்க உழைக்கவைக்கும் சினிபெஞ்ச் சோதனை ஐந்து நிமிடம் ஓடியது, ஆகவே நிலையாக இருக்கிறது என்பது அவசர முடிவு. வெப்பத்தையும் பிழைகளையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ64-ஐத் திறந்துவைத்து, சினிபெஞ்ச் ஆர்23-ஐ முதலில் 10 நிமிடம், பிறகு 30 நிமிடம் ஓட்டுங்கள். அடுத்து ஓசிசிடி என்னும் சோதனை மென்பொருள் ஒரு மணி நேரம். கடைசியாக வழக்கமாக ஆடும் விளையாட்டையே சில மணி நேரம். பிரைம்95-இன் ‘ஸ்மால் எஃப்.எஃப்.டி.’யை எடுத்த எடுப்பில் ஓட்ட வேண்டாம். அன்றாட வேலை எதுவும் தராத சூட்டை அது தரும்.

எச்டபிள்யூஇன்ஃபோவில் மூன்று வரிகள் முக்கியம். கோர் வெப்பம் 90 டிகிரியைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். ‘தெர்மல் த்ராட்லிங்’ வரியில் ‘யெஸ்’ விழுந்தால் அந்தச் சோதனையே செல்லாது: 100 டிகிரியைத் தொட்டதும் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்திருக்கிறது, நீங்கள் கொடுத்த வேகத்தில் ஓடவே இல்லை. மூன்றாவது, கீழே இருக்கும் ‘டபிள்யூ.எச்.இ.ஏ.’ (வன்பொருள்) பிழை எண்ணிக்கை. அது 0-வாக இருக்க வேண்டும். நீலத்திரையே வராவிட்டாலும் இங்கே 1, 2 என்று ஏறினால் ப்ராசஸர் தவறு செய்து திருத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். திருத்த முடியாத தவறு ஒன்று கோப்பைக் கெடுக்கலாம், ஆகவே தொடங்கும் முன்பே பேக்கப்.

வெப்பம் தொடக்கத்திலேயே அதிகமாகக் காட்டினால் கூலரைக் கழற்றிப் பாருங்கள். அடித்தகட்டில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருப்பது அபூர்வமல்ல.

ஏ.எம்.டி.யின் ரைசன் வைத்திருப்பவர்களுக்குப் பாதையே வேறு. ரைசன் 5 5600எக்ஸ் தானாகவே ஒரு கோரில் 4.6 தொடும். எல்லா கோர்களையும் 4.5-ல் கட்டிவைத்தால் அந்த பூஸ்ட் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை நீங்களே குறைத்ததாகிவிடும். பயாஸில் பூஸ்ட் எல்லையைத் தளர்த்தும் பி.பி.ஓ.வைப் போட்டு, கோருக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோருக்கும் −10 என்று தொடங்குங்கள்.

13, 14-ஆம் தலைமுறை இன்டெல் மேஜைக்கணினி ப்ராசஸர் என்றால் பயாஸை அப்டேட் செய்யாமல் எதையும் தொட வேண்டாம். மிகையான வோல்டேஜால் அவை பழுதாகிக்கொண்டிருந்தன. 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோட் (பயாஸ் வழியே வரும் ப்ராசஸர் திருத்தம்) ப்ராசஸர் கேட்கும் வோல்டேஜை 1.55 வோல்ட்டுக்குள் அடக்கியது, அதன் பிறகும் திருத்தங்கள் வந்தன. அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போனால் போர்டு செத்துவிடலாம் என்பதால் யு.பி.எஸ். அவசியம். 600 வி.ஏ. என்று எழுதியிருக்கும் யு.பி.எஸ். பலவும் 360 வாட்தான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டுடன் ஓவர்கிளாக் செய்த ப்ராசஸரும் சேர்ந்து இழுத்தால், கரண்ட் போகிற நொடியில் யு.பி.எஸ்.ஸும் சேர்ந்து அணையும்.

திரையே வராமல் போனால் பதற வேண்டாம். மின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, சிஆர்2032 பட்டன் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். அந்த பேட்டரி கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

டிசம்பர் இரவில் செய்த சோதனை மே மாத மதியத்துக்குச் செல்லாது. அறை 26 டிகிரியில் இருந்தபோது 84 காட்டிய ப்ராசஸர், அறை 38 ஆனால் 96-ஐ நெருங்கும். ஏப்ரலில் மறுபடி சினிபெஞ்ச் ஓட்டிப் பாருங்கள். 90-ஐத் தாண்டினால் ரேஷியோவில் ஒன்றைக் குறைத்து, வோல்டேஜையும் 0.03 இறக்கி, சோதனையை முதலிலிருந்து தொடங்குங்கள்.