செவன்ஸ் ரக்பித் தொடரை முதன்முறை பார்ப்பவர்களுக்கு: கண்ணை எங்கே வைப்பது, எதைக் கவனிப்பது

ரக்பி என்றாலே புரியாத மல்லுக்கட்டு என்று ஒதுங்குகிறவர்களிடம், அணிக்கு 7 பேர் ஆடும் செவன்ஸிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். பாதிக்கு 7 நிமிடம், மொத்தம் 14 நிமிடம். ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் ஊரில் 1883-ல் நெட் ஹேக் என்ற இறைச்சிக் கடைக்காரரின் யோசனையில் பிறந்த இந்த ஆட்டம், 2016 முதல் ஒலிம்பிக்கிலும் இருக்கிறது.

படி 1: பந்தை விட்டுவிட்டு, காலியிடத்தைப் பாருங்கள்

15 பேர் ஆடும் அதே மைதானத்தில்தான் இங்கே 7 பேர் ஆடுகிறார்கள். அகலம் 70 மீட்டர். தோராயமாக ஆளுக்கு 10 மீட்டர் காக்க வேண்டும். பந்தைக் கையால் முன்னோக்கி வீசக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் வீசலாம். எனவே ஓர் அணி தன் எல்லையை நோக்கிப் பின்வாங்கினால் பயந்துவிட்டதாக நினைக்காதீர்கள். எதிரணியினரை ஒரு பக்கக் கோட்டருகே இழுத்துவிட்டு, மறுகோடியில் நிற்பவருக்குப் பந்தைக் கடத்தத் தயாராகிறார்கள். அந்தக் கோடியில் யார் தனியாக நிற்கிறார் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் பயிற்சி.

படி 2: ஐந்தும் இரண்டும்

எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் அது ‘ட்ரை’, 5 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் மேலும் 2. அந்த உதையைப் பந்து பதிந்த இடத்துக்கு நேர் பின்னாலிருந்துதான் அடிக்க வேண்டும். அதுவும், கையிலிருந்து விட்ட பந்து தரையில் பட்டு எழும் கணத்தில். ஓரத்திலிருந்து இது மிகவும் கடினம். அதனால்தான் கோட்டைத் தாண்டிய பிறகும் வீரர்கள் பந்தைப் பதிக்காமல் கம்பங்களின் நடுவை நோக்கி வளைந்து ஓடுகிறார்கள்.

இந்த இரண்டு புள்ளிகளின் அருமையை 2024 பாரிஸ் ஒலிம்பிக் மகளிர் வெண்கலப் பதக்க ஆட்டம் காட்டும். ஆஸ்திரேலியா 12, அமெரிக்கா 7. நேரம் முடியும் தறுவாயில் அமெரிக்காவின் அலெக்ஸ் செட்ரிக் பந்தை வாங்கி, தடுப்பவர்களை உதறிவிட்டு, கிட்டத்தட்ட மைதானத்தின் முழு நீளமும் ஓடி ட்ரை போட்டார். 12–12. உதையையும் அவரே அடித்தார். 14–12. அமெரிக்க மகளிர் ரக்பியின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

படி 3: மறுதொடக்கத்தில் கண்ணை எடுக்காதீர்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். புள்ளி எடுத்த அணியே மறுபடி பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். எதிரணிக்கு வாய்ப்பளிக்கும் விதி இது. ஆனால் நல்ல அணிகள், நடுக்கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளியுள்ள கோட்டைச் சற்றே தாண்டி விழும்படி உயரமாக உதைத்து, ஓடிப்போய் வானிலேயே பந்தைப் பறித்துவிடும். இரண்டு முறை இப்படிப் பறிகொடுத்த அணி, பந்தையே தொடாமல் 14 புள்ளிகள் பின்தங்கலாம்.

படி 4: மஞ்சள் அட்டை

இதை வாங்கிய வீரர் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். படி 1-ல் சொன்ன ஆளுக்கு 10 மீட்டர் கணக்கை ஆறு பேரை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

படி 5: அட்டவணையைப் படியுங்கள்

ஒலிம்பிக்கில் 12 அணிகள், மூன்று பிரிவுகள். வெற்றிக்கு 3, சமநிலைக்கு 2, தோல்விக்கு 1 புள்ளி. பிரிவுக்கு முதல் இரண்டு அணிகளும், மூன்றாம் இடம் பிடித்தவற்றில் சிறந்த இரண்டும் காலிறுதிக்குப் போகும். தோற்பது உறுதியான அணியும் கடைசி நொடிவரை ஒரு ட்ரைக்காக உயிரைக் கொடுத்து ஓடுவதற்குக் காரணம் இதுதான்: அட்டவணையில் சமமாக நிற்கும்போது, ஆட்டங்களில் எடுத்த, விட்ட புள்ளிகளின் வித்தியாசம் ஓர் இடத்தைக் காப்பாற்றலாம்.

படி 6: ஃபிஜியிலிருந்து தொடங்குங்கள்

2016 ரியோ ஆடவர் இறுதியில் பிரிட்டனை 43–7 என்று வீழ்த்தி ஃபிஜி தங்கம் வென்றது. அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். அதன் நினைவாக 7 டாலர் நோட்டே அச்சிட்டார்கள். டோக்கியோவிலும் தங்கம், பாரிஸ் இறுதியில் பிரான்ஸிடம் 28–7 என்று தோற்றார்கள். ரியோ இறுதியை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை, பிடிபட்டுச் சரியும்போதே ஒற்றைக் கையால் பந்தைக் கைமாற்றும் வீரரைப் பாருங்கள். இரண்டாம் முறை, அந்தப் பந்து வருமென்று நம்பி முன்கூட்டியே ஓடிவந்து நிற்பவரை.